பச்சை ஒயர்

என் அக்காவின் கணவர் மேடையில் எந்த இரும்பையும் உள்ளங்கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. மைக் ஸ்டாண்டோ, பந்தல் கம்பமோ, டிரம்ஸைத் தாங்கும் பைப்போ, எதுவானாலும் முதலில் வலது கை விரல்களின் பின்புறத்தை அதன்மேல் மெதுவாக வைப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று கழுத்தில் வைத்துப் பார்ப்பதைப் போல இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் விரல்கள் தாமாக உள்பக்கம் மடங்கும். உள்ளங்கையால் பிடித்திருந்தால் அந்த மடக்கமே பிடியாகிவிடும், விட நினைத்தாலும் விட முடியாது. புறங்கை என்றால் மடங்குகிற வேகத்தில் கை விலகிவிடும். "புடிச்சவன் போனான், ஒரசினவன் பொழச்சான்" என்பார். கச்சேரிக்கு முன் மேடையை ஒரு சுற்று வந்து ஒவ்வொரு இரும்பையும் இப்படிப் பார்த்துவிட்டு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, "ஆங், ஏறலாம்" என்று கையைத் தூக்குவார். அதற்குப் பிறகுதான் நாங்கள் மேடை ஏறுவோம். நான் அறிந்து ஒரே ஒரு பொருளை மட்டும் அவர் தொட்டுப் பார்க்காமல் விட்டார். அது என்னுடையது.

அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்து வீடுகளில் அக்காள் கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிட நான்கு வயதுதான் பெரியவர். திருத்தணியில் மைக் செட் வைத்திருந்தார். நான் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். எங்கள் குழு எங்கே போனாலும் ஒலி அமைப்பு அவருடையதுதான். கல்யாண வரவேற்பு, வளைகாப்பு, மலைக்கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திவிட்டு இறங்கி வரும் குடும்பங்களின் மதிய விருந்து, ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வரும் பாதையில் போடுகிற மேடை என்று வருஷம் முழுக்க ஏதாவது இருக்கும். அவருடைய குட்டியானை வண்டியில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே என் டிரம்ஸும் ஏறிக்கொள்ளும். நான் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்காருவேன். வண்டி ஓட்டும்போது அவர் பேசுவதெல்லாம் சத்தத்தைப் பற்றித்தான் இருக்கும்.

பாவாவுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் என் டிரம்ஸ் எப்படிக் கேட்க வேண்டும் என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். காலி மண்டபத்தில் நன்றாகக் கேட்டால் பயப்படு என்பார், ஆள் நிறைந்ததும் அந்தச் சத்தத்தில் பாதியை உடம்புகளும் பட்டுப்புடவைகளும் குடித்துவிடும். மேடையில் உன் வாசிப்பு உனக்கே கேட்கவில்லை என்றால் உன்னை ஏற்றச் சொல்லாதே, மற்றவர்களை இறக்கச் சொல் என்பார். பாடுகிறவருக்கு நேர் பின்னால் டிரம்ஸைப் போட விடமாட்டார். போட்டால் பாடகியின் மைக் அவர் குரலைவிட என் சிம்பலைத்தான் அதிகம் கேட்கும் என்று, இரண்டடி தள்ளிப் பக்கவாட்டில் திருப்பிவைப்பார். கிக் டிரம் உதை வாங்கி முன்னே நகராமல் இருக்க அடியில் கம்பளம், அதற்கு முன்னால் துணி சுற்றிய செங்கல். உள்ளே ஒரு பழைய போர்வை. ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மின் தோல் கணகணவென்று நீளமாக ஒலித்தால் ஓரத்தில் ஒரு துண்டு டேப். நான் அதற்குச் சாம்பல் நிறத் துணி டேப் வைத்திருந்தேன். சென்னைக்குப் போகும்போது வாங்கி வருவேன். அந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் அது கிடையாது. நெசவு ஊரான பொதட்டூர்பேட்டைக்குக் கச்சேரிக்குப் போனால், விசைத்தறி ஓடாத கரண்ட் லைன் எது என்று பாவா முதலில் விசாரிப்பார். தறி மோட்டார்களோடு சேர்ந்த லைனில் பெட்டியைப் போட்டால் பாட்டுக்கு அடியில் ஒரு உறுமல் கூடவே வரும்.

இன்று புதிதாக மேடை ஏறுகிற டிரம்மர்கள் எனக்கு போன் செய்து இதையெல்லாம் கேட்கிறார்கள். எந்த ஸ்டாண்டு கனம் குறைவு, வெயிலில் தோல் இளகினால் எவ்வளவு முறுக்கலாம், மழைக்கு எதைப் போட்டு மூடுவது என்று. பாவா சொன்னவற்றைத்தான் நான் சொந்தச் சரக்குபோலச் சொல்கிறேன். யாரிடமிருந்து தெரிந்துகொண்டேன் என்று மட்டும் சொல்வதில்லை. சொன்னால் அவர் என்ன ஆனார் என்று கேட்பார்கள்.

திருத்தணி வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு டிரம்மரின் ஃபேன் ஒரு சொகுசாகத் தோன்றும். மலையின் பாறை பகலெல்லாம் காய்ந்து அந்தச் சூட்டை ஊருக்குள் இறக்கும். மண்டபத்தில் கூரை ஃபேன்கள் விருந்தாளிகளுக்குத்தான். மேடையில் விளக்குச் சூடு வேறு. குழுவில் கை கால் நான்கும் ஓயாமல் வேலை செய்கிறவன் டிரம்மர் ஒருவன்தான். வியர்வையில் குச்சி வழுக்கும், கண் எரியும். அதனால் நாங்கள் நைனா என்று கூப்பிட்ட எங்கள் அப்பா வாங்கிப் போட்டிருந்த பழைய இரும்பு ஸ்டாண்டு ஃபேன் ஒன்றை நான் எல்லாக் கச்சேரிக்கும் எடுத்துப்போவேன். தண்டு, கூண்டு, அடித்தட்டு எல்லாம் இரும்பு. காற்று பிசாசு மாதிரி வரும்.

ஒருநாள் திருப்பதி சாலையில் ஒரு கிராமத்துக் கல்யாணத்தில் அந்த ஃபேனைப் போட்டதும் ஸ்பீக்கர் பெட்டிகளில் 'உம்ம்' என்று ஒரு உறுமல் கிளம்பியது. நிறுத்தினால் நின்றது. பாவா வந்தார். ஃபேன் தண்டில் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் முகம் சரியாகவில்லை. "உள்ள வைண்டிங் கசியுது மச்சான். கசியறத இந்தப் பச்ச ஒயரு இட்டுகினு போயி மண்ணுல வுடுது. அதனாலதான் நம்மள ஒண்ணும் பண்ல. அந்தக் கசிவுதான் பாக்ஸுல உறுமுது" என்றார். பிறகு ஃபேனின் பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, "இருமல் வந்தா இருமல நிறுத்தறதில்ல, நெஞ்ச பாக்கணும். வைண்டிங் கட்டி எடுத்துகினு வா. அது வரைக்கும் மேடைக்கு வேணாம்" என்றார். அன்று ஃபேன் இல்லாமல் வாசித்தேன். குச்சி இரண்டு முறை கையிலிருந்து பறந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

அது முகூர்த்த மாதம். மோட்டாருக்கு வைண்டிங் கட்டுகிறவர் ஒரு வாரம் ஆகும் என்றார். அடுத்த கச்சேரி நான்காம் நாள். அரக்கோணத்தில் இன்னொரு குழுவில் வாசிக்கும் ஒருவர், பிளக்குக்குள் பச்சை ஒயரை மட்டும் கழற்றிவிட்டால் உறுமல் போய்விடும் என்றும், தாமே பல தடவை அப்படிச் செய்திருப்பதாகவும் என்னிடம் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து பிளக்கைத் திருகித் திறந்து பச்சை ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி, உள்ளேயே மடித்து வைத்து மூடினேன். வெளியே பார்த்தால் மூன்று பின்னும் அப்படியே இருக்கும். ஐந்து நிமிஷ வேலை. அடுத்த மேடையில் பாவா, "இன்னா, கட்னியா?" என்று கேட்டார். "ஆங் பாவா, பொதட்டூர்பேட்டைல ஒருத்தர்கிட்ட குடுத்து கட்டிகினு வந்தேன்" என்றேன். தறி மோட்டார்கள் அவ்வளவு இருக்கிற ஊரில் வைண்டிங் கட்டுகிறவர் இருப்பார் என்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்? அவர் தானே பிளக்கைச் சொருகி, ஃபேனைப் போட்டு, தலையைச் சாய்த்துப் பெட்டிகளைக் கேட்டார். உறுமல் இல்லை. சிரித்தார். என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு மிக்சருக்குப் போய்விட்டார். தண்டில் புறங்கையை வைக்கவில்லை, அன்றும் சரி, பிறகு வந்த கச்சேரிகளிலும் சரி. என் வார்த்தை போதுமென்று இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஏழெட்டுக் கச்சேரிகள் ஒன்றும் ஆகாமல் நடந்தன. நான் ஷூ போட்டுக்கொண்டு, ரப்பர் கால் வைத்த ஸ்டூலில் உட்காருகிறவன். ஒரு தடவை வியர்வைக் கையோடு ஃபேனைத் திருப்பும்போது விரலில் சுருக்கென்றது. கையை உதறிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போனேன். இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

எங்கள் குழுவின் பாடகி மணவூரிலிருந்து ரயிலில் வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் வெந்நீர் பிளாஸ்க், இன்னொரு கையில் பாட்டு நோட்டு. கணவர் தையல்காரர். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகன் இருந்தான். மேடையில் செருப்புப் போடமாட்டார். கால் தரையில் படாவிட்டால் தனக்குச் சுருதி சேராது என்பார். நான் வேகத்தில் சத்தத்தை ஏற்றிவிட்டால் பாட்டு முடிந்ததும் திரும்பி, "டிரம்ஸ்காரரே, கல்யாணம் அந்தப் பொண்ணுக்கு, உங்களுக்கு இல்ல" என்பார். குழுவே சிரிக்கும். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுவது, மூச்சு நின்றுபோனதுபோல நடிப்பது, இப்படி ஏதாவது செய்து வாசிக்கிற என்னைச் சிரிக்கவைத்துத் தாளம் தப்ப வைக்கப் பார்ப்பார். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

வைகாசி மாதம். மலையடிவாரத்தில் ஒரு மண்டபம். காதுகுத்து விருந்து. மதியம் ஒரு மணி இருக்கும். மொட்டைத் தலைகளில் சந்தனம் காயாமல் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. மேடை ஓரத்தில் வைத்திருந்த தண்ணீர்க் கேனை யாரோ சாய்த்துவிட்டதில் கம்பளம் நனைந்து கிடந்தது. ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு நான் குச்சிகளைத் தட்டி எண்ண ஆரம்பித்தேன். முன்னிசை ஓடுகிற நேரத்துக்குள் கொஞ்சம் காற்று வாங்கிக்கொள்ளலாம் என்று பாடகி இடக்கையில் மைக்கோடு என் பக்கம் வந்து, ஃபேனைத் தன் பக்கம் திருப்ப வலக்கையால் தண்டைப் பிடித்தார். சத்தம் எதுவும் வரவில்லை. கழுத்து விறைத்தது, கண்கள் என்னைப் பார்த்து அகன்றன. விளையாடுகிறார் என்று நினைத்தேன். சிரித்தேன். சிரித்துக்கொண்டே வாசித்தேன். முன்னிசை முழுவதும் வாசித்தேன். மைக்கில் வந்த கர்ரென்ற ஒலியைக் கேட்டு மண்டபத்தின் மறுகோடியிலிருந்து பாவாதான் கத்திக்கொண்டு ஓடி மெயினை இழுத்தார். எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் அடங்கின. என் டிரம்ஸ் சத்தம் மட்டும் இன்னும் இரண்டு அடி கேட்டது. பாடகி ஃபேனோடு சேர்ந்து சாய்ந்தார்.

காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பாவா பின்சீட்டில் அவர் மார்பை அழுத்திக்கொண்டே வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, வருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது என்றார். மாலையில் அவருடைய கணவர் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே ரயில் ஏறி வந்திருந்தார். அதைக் கழற்ற வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை பூட்டியிருந்த மண்டபத்தைத் திறந்து, போலீஸ் முன்னால் மின்சார ஆய்வாளர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஃபேன் பிளக்கைத் திருகித் திறந்தார். உள்ளே பச்சை ஒயர் மடிந்து கிடந்தது. அதன் நுனியில் சாம்பல் நிறத் துணி டேப். நான் பாவாவைப் பார்த்தேன். அவர் அந்த டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, என் ஸ்னேர் தோலின் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஃபேன் யாருது?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

என் வாய் திறந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குள் பாவா, "என் போர்டுல சொருகினது சார். என்னுதுதான்" என்றார். என் வாய் மூடிக்கொண்டது. குழுவில் மற்றவர்களை யாரும் அதைக் கேட்கவில்லை, அவர்களும் தாமாகச் சொல்லவில்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இத்தனை வருஷமும் யோசிக்கிறேன். பழுதான அடாப்டரைக் கொண்டுவருகிற வாத்தியக்காரர்களிடம், "என் போர்டுல சொருகிட்டா அது என் பொருளு, நான்தான் பதில் சொல்லணும்" என்று அவர் சண்டை போட்டதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதை அவர் உண்மையாகவே நம்பினார் என்று ஒரு நேரம் தோன்றும். அப்போது என் மனைவி நிறைமாதம். நைனா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தவன் நான் ஒருவன்தான். அதற்காகத்தான் என்று இன்னொரு நேரம் தோன்றும். தண்டில் கை வைத்துப் பார்க்காமல் விட்டதற்குத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட தண்டனையோ என்றும் நினைப்பதுண்டு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. கேட்டால் நானும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும்.

வழக்கு பல வருஷம் இழுத்தது. ஒரு மைக் செட்காரர் கையால் பாடகி செத்தாள் என்று ஊரில் பேச்சானதும் பாவாவை யாரும் கூப்பிடவில்லை. பெட்டிகளும் வண்டியும் ஒவ்வொன்றாகக் கைமாறின. அக்கா தையல் கம்பெனி வேனில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். என் அக்கா கெட்டவள் அல்ல. ஆனால் அந்த வீட்டில் சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் வாயிலிருந்து ஒன்றே வந்துகொண்டிருந்தது. "ஒரு ஒயரப் பாக்கத் தெரியாத ஆளு எதுக்கு மைக் செட் வச்ச? ஊரான் வூட்டுப் பொம்பளய சாவடிச்சிட்டு எங்கள நடுத்தெருவுல வுட்டியே." என் எதிரிலேயே சொல்வாள். நான் அவள் போட்ட காபியைக் குடித்துக்கொண்டிருப்பேன். பாவா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறைகூட அவர் கண் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஒருநாள் மணவூர் வரைக்கும் போனேன். பாடகியின் கணவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து கிளம்பியிருந்தேன். நடைமேடையில் இறங்கி நின்றேன். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் வெந்நீர் பிளாஸ்க்கோடு என்னைத் தாண்டிப் போனான். அது அவருடைய மகனா வேறு யாருமா என்று எனக்குத் தெரியாது. முகத்தை நான் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் வந்த ரயிலில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீதிமன்றத்தில் என்னையும் சாட்சியாக அழைத்தார்கள். சம்பவத்தன்று மேடையில் இருந்தவர் என்பதற்காக. அரசு வழக்கறிஞர் நான்கைந்து கேள்விகள்தான் கேட்டார். அந்த மின்விசிறி யாருடையது என்பது மூன்றாவது கேள்வி. "மைக் செட்காரருடையது" என்றேன். பாவா என்றுகூடச் சொல்லவில்லை. யாரோ ஒருவர்போல மைக் செட்காரர் என்றேன். வெளியே வந்ததும் பாவா டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். குடித்து முடித்து டம்ளரை வைத்துவிட்டு, "கரெக்டா சொன்ன" என்றார். அது பாராட்டில்லை, கோபமும் இல்லை. ஒலி அளவு சரியாக இருக்கிறது என்று மிக்சரிலிருந்து சொல்கிற மாதிரி சொன்னார். பாவாவுக்கு ஓராண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். அந்த ஓராண்டில் நான் வேறொரு குழுவில் சேர்ந்தேன். என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். பிளாஸ்டிக் உடம்புள்ள ஃபேன் ஒன்று வாங்கினேன். நன்றாக வாசிக்கிறேன் என்று நான்கு ஊரில் பெயர் வந்தது.

திரும்பி வந்த பாவா ஒரு பள்ளிக்கூட வாசலில் காவல் வேலைக்குப் போனார். வீட்டில் சுவிட்சைத் தொடமாட்டார். இருட்டி அக்கா வர நேரமானால் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். கத்திரி வெயிலில் ஃபேனுக்குக் கீழே படுக்காமல் வாசல் படியில் துண்டை விசிறிக்கொண்டு கிடப்பார். தெருவில் பாட்டு போட்டுக்கொண்டு ஏதாவது ஊர்வலம் போனால் எழுந்து உள்ளே போய்விடுவார். ஒரே ஒரு தடவை, தேர் நாளில் மேடைச் சத்தம் வீடு வரை கேட்டபோது, தன்னை அறியாமல், "டிரம்ஸ பாடறவங்களுக்கு நேர் பின்னால போட்டுட்டானுங்க" என்றார். நான் தலையாட்டினேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சத்தத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

போன சித்திரையில், காலை நேரத்தில், பள்ளி வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தார். நெஞ்சுவலி. சாவு வீட்டுக்கு மைக் வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அக்கா வேண்டாம் என்றாள்.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா அவருடைய சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் சொன்னேன். ஃபேன், பச்சை ஒயர், டேப், பொதட்டூர்பேட்டை பொய், சாட்சிக் கூண்டு, எதையும் விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் உடம்பு லேசாவதை உணர்ந்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். எதற்கும் தயாராக இருந்தேன்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவருக்குத் தெரியுமா?"

"ஆங். அன்னிக்கே தெரியும் அக்கா."

கையிலிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள். "செத்ததுக்கு மொத நாளு ராத்திரி கொழம்புல உப்பில்லன்னாரு. ஒரு உசிரு போறதையே பாக்காம வுட்ட ஆளுக்கு உப்பு மட்டும் தெரியுதான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லாம துன்னுட்டு எழுந்து போனாரு. அதான்டா நான் அவர்கிட்ட கடைசியா பேசினது. எத்தினி வருசம், எத்தினி சொல்லு. அதெல்லாம் இப்ப எங்கடா போயி நான் திருப்பி எடுப்பேன்?"

"அக்கா..."

"அவரு இருக்கும்போது சொல்லியிருந்தா கால்ல வுழுந்திருப்பேன். இல்ல, சொல்லாமலே நீயும் செத்திருந்தா, அவரு அப்படித்தான்னு நெனச்சிகினே நானும் போய்ச் சேர்ந்திருப்பேன். இப்ப ஏன்டா சொன்ன?"

உண்மையான பதில் என்னிடம் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை என்பதற்காகச் சொன்னேன், அவளுக்காகச் சொல்லவில்லை. அதை அவளும் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். சட்டையை உதறி மறுபடியும் முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள்.

அடுத்த வாரம் வழக்கை நடத்திய வக்கீலிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தண்டனையும் அனுபவித்து ஆளும் போய்விட்ட பிறகு இதை எடுத்துப்போனால் என்மேல் பொய்சாட்சி வழக்கு வரலாம், அதற்கு மேல் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்காது என்றார். பாடகியின் கணவருக்காவது சொல்லலாம் என்று மணவூரில் விசாரித்தேன். மகனுக்கு எங்கோ வேலை கிடைத்து இருவரும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். எந்த ஊர் என்று அக்கம்பக்கத்தில் தெரியவில்லை.

அக்கா வீட்டுக்கு மாதம் ஒருமுறை போகிறேன். வா என்றும் சொல்வதில்லை, வராதே என்றும் சொல்வதில்லை. கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் அவள் வேலையைப் பார்க்கிறாள். ரேஷன் கார்டில் பெயர் நீக்க வேண்டும், கேஸ் அடுப்பு சரியில்லை என்று கேட்டால் பதில் சொல்கிறாள். சின்ன வயதிலிருந்து எந்த நேரத்தில் நான் அவள் எதிரில் போய் நின்றாலும், சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்களில்கூட, அவள் முதலில் கேட்பது "சாப்டியா?" என்றுதான். நீதிமன்றத்தில் நான் பொய் சொல்லிவிட்டு வந்த அன்றும் அதையே கேட்டாள். இப்போது கேட்பதில்லை. நான் சிறிது நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லி எழுந்து வருகிறேன்.